முப்பதுக்கு இருபத்தெட்டு

அந்தத் தெருவில் யாருடைய மார்க்கும் ரகசியம் கிடையாது. எந்த வீட்டுப் பிள்ளை கணக்கில் எத்தனை வாங்கியது என்பது, அது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே எதிர்வீட்டுக்குத் தெரிந்திருக்கும். எல்லாம் தெருக்கோடியில் டியூஷன் எடுக்கும் டீச்சரின் உபயம். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. பாஸ் டீச்சர் என்றால்தான் தெரியும். எப்பேர்ப்பட்ட மக்கையும் பாஸ் பண்ண வைத்துவிடுவார். பாடம் புரிந்ததா என்று கேட்டால் பிள்ளை பதில் சொல்லாது, ஆனால் பாஸாகிவிடும்.

ஆனாலும் ஒரு வீட்டுக்காரரின் மூளைக்கு வந்த மார்க் தெரு முழுக்கச் சுற்றியது அதுதான் முதல் தடவை. அதையும் டீச்சர்தான் தன் வாயால் பரப்பினார். பிற்பாடு அதை வாபஸ் வாங்க வேண்டி வரும் என்று தெரிந்திருந்தால் மாடி வீட்டம்மாவிடம் மட்டுமாவது சொல்லாமல் இருந்திருப்பார்.

டீச்சரின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக அடுக்குமாடிகளின் வயிற்றுக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்த்தவர். நாலு வார்த்தையில் முடிக்க வேண்டியதை ரெண்டு வார்த்தையில் முடிப்பார். அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்ப உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டினார், கட்டினார், கட்டிக்கொண்டே இருந்தார். டீச்சருக்கு அப்போது ஏழு மணி பேட்ச். "என்னங்க, லேஸ் கட்ட ஒரு பாடவேளையா?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தால் இடது கை மடியில் செத்த மீன் மாதிரி கிடக்கிறது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

டீச்சரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், நேரத்தை வீணாக்குகிறவர் என்று மட்டும் சொல்ல முடியாது. பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு, கிடைத்த வண்டியில் அவரைத் தூக்கிப் போட்டு, முக்கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். டாக்டரே பாராட்டினார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் கட்டி அடைத்திருந்ததாம். மருந்து ஏற்றிக் கரைத்தார்கள். மூன்றாம் நாள் இடது கை தம்ளரைப் பிடித்தது, கால் கழிப்பறை வரை நடந்தது, வாய் நேராயிற்று. டீச்சர் மூச்சு விட்டார்.

விட்ட மூச்சை முழுசாக விடுவதற்குள் தெரபிஸ்ட் பொண்ணு வந்து நின்றாள்.

நேற்றுத்தான் கல்லூரி முடித்தவள் போல இருந்தாள். மூக்குக் கண்ணாடி நிமிஷத்துக்கு ஒரு தடவை வழுக்கியது. கையில் அட்டை, அட்டையில் ஒரே ஒரு தாள்.

"சார், நான் அஞ்சு வார்த்தை சொல்றேன். கேட்டுட்டுத் திருப்பிச் சொல்லுங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கேப்பேன். சரியா? குடை, ரயில், எலுமிச்சை, கதவு, நீலம்."

"குடை," என்றார் லிஃப்ட்காரர். "ரயில்." அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

"மருந்து அசதி இருக்கு. இன்னைக்கு வேணாம், நான் சனிக்கிழமை வர்றேன்."

டீச்சர் அவருடைய மூடிய கண்களையே பார்த்தார். ஆனால் வாயில் வந்தது தொழில் கேள்விதான். "ஏம்மா, இதுல எவ்வளவு எடுத்தா பாஸ்?"

"பாஸ் ஃபெயிலெல்லாம் இல்லம்மா. கை கால் வந்திருச்சுன்னா எல்லாம் சரியாயிருச்சுன்னு வீட்ல நினைச்சுக்குவாங்க. ஞாபகம் வெச்சுக்கறது, கவனம், ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா வேலையைச் செய்யறது, இதுல அடி பட்டிருந்தா வெளியில தெரியாது. முதல் வாரத்துலயே பாத்துட்டோம்னா, மூணு மாசம் ஆறு மாசம் கழிச்சு யாருக்குச் சிரமம் வரும்னு ஓரளவு முன்னாடியே சொல்ல முடியும். அவங்களை மட்டும் விடாம கூப்பிட்டுப் பயிற்சி குடுப்போம்."

"சரி சரி. எத்தனைக்குக் கீழ போனா கூப்பிடுவீங்க?"

"முப்பதுக்கு இருபத்தாறு."

அந்தப் பொண்ணு சொன்ன இத்தனை வாக்கியத்தில் டீச்சரின் காதில் ஏறியது கடைசி ஒன்றுதான். அதைவிட மோசமான விஷயம், அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த ரெண்டு நிமிஷமும் அட்டை டீச்சருக்கு எதிரே, தலைகீழாக இருந்தது. முப்பது வருஷமாக மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து எழுதும் பிள்ளைகளின் நோட்டை, திருப்பாமல் தலைகீழாகவே படித்துத் திருத்துகிறவருக்கு அது ஒரு தடையா? பொண்ணு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகும்போது டீச்சரின் மண்டையில் முழுத் தாளும் இறங்கியிருந்தது.

பிறகு என்ன, கட்டிலோரத்திலேயே கோச்சிங் ஆரம்பமாகிவிட்டது.

"நல்லா கேளுங்க. நீலக் குடையைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் ரயில் கதவுல நின்னு எலுமிச்சை விக்கிறான். யாரு விக்கிறான்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஐயோ, ஆளை விடுங்க. என்னென்ன இருக்கு சொல்லுங்க."

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும் கேள்வியை டீச்சர் கழிக்கவே சொல்லவில்லை. தொண்ணூத்திமூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரெண்டு, அறுபத்தஞ்சு என்று வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு ஏற்றிவிட்டார். கடிகாரம் வரையச் சொன்னால் முதலில் பன்னிரண்டு, ஆறு, மூன்று, ஒன்பது, அப்புறம் இடுக்கில் ரெண்டு ரெண்டாக. ஒரு நிமிஷத்தில் மிருகங்களின் பெயரா? வீட்டிலிருந்து புறப்பட்டுக் காட்டுக்குப் போ: பூனை, நாய், ஆடு, மாடு, கழுதை, நரி, புலி. பக்கத்துக் கட்டில் பெரியவர் இதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிஃப்ட்காரர் தடுமாறிய இடத்தில் "எலுமிச்சை, தம்பி, எலுமிச்சை" என்று எடுத்துக் கொடுத்தார். பாவம், அவருக்கு டெஸ்ட் அதற்கு முன்பே முடிந்திருந்தது.

இது தப்பில்லையா என்று டீச்சருக்குத் தோன்றாமலில்லை. கையலம்பும் தொட்டியில் தம்ளரைக் கழுவும்போது தோன்றியது. 'காப்பியடிச்சாத்தான் தப்பு. படிச்சுட்டுப் போறது எப்படித் தப்பாகும்?' என்று அந்தத் தம்ளரிடமே வாதாடி ஜெயித்தார். மார்க் குறைந்தால் கம்பெனியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது வெளியே சொன்ன பயம். இந்த மனுஷனின் தலைக்குள் ஏதோ போய்விட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்களே என்பதுதான் உள்ளே இருந்த பயம். அதை அவர் தம்ளரிடம்கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை பொண்ணு அதே தாளோடு வந்தாள். லிஃப்ட்காரர் கடகடவென்று சொன்னார். தேதியில் ஒன்று போயிற்று, பெட்டி வரைந்ததில் ஒன்று போயிற்று. முப்பதுக்கு இருபத்தெட்டு.

"ரெண்டு நாள்ல நல்ல முன்னேற்றம்," என்று பொண்ணு சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனாள். பயிற்சிக்குக் கூப்பிடும் பட்டியலில் பெயர் ஏறவில்லை. இரண்டு வாரம் ஓய்வு, பிறகு வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் கடிதம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த அன்றே தெருவுக்கு ரிசல்ட் வந்துவிட்டது. "இருபத்தெட்டு! ஸ்ட்ரோக் வந்த மூளைக்கு இருபத்தெட்டு!" மாடி வீட்டம்மா வாயைப் பிளந்தார். "எங்க வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வராமலேயே இருபது தேறாதே டீச்சர்!"

லிஃப்ட்காரர் சிரித்தார். எப்போதும் அரைச் சிரிப்புச் சிரிக்கிறவர், அன்றைக்குக் கால் சிரிப்புச் சிரித்தார். அதை யாரும் அளந்து பார்க்கவில்லை.

முதல் வாரம் அவர் ஒரு நாள் டீ போட்டார். தண்ணீர் கொதித்தது, பால் ஊற்றினார், சர்க்கரை போட்டார், வடிகட்டியில் வடிகட்டி ரெண்டு தம்ளரில் கொண்டுவந்தார். டீத்தூள் மட்டும் இல்லை. குடித்துப் பார்த்துவிட்டு "கொஞ்சம் லைட்டா இருக்கு" என்றார். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் கூடச் சிரித்தார். இன்னொரு நாள் சட்டையைப் போட்டுப் பட்டனெல்லாம் மாட்டி முடித்துவிட்டுப் பனியனைக் கையில் வைத்துக்கொண்டு அதை எங்கே போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அசதி, என்றார் டீச்சர். அறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நின்றார். அது எனக்கும்தான் நடக்குது, என்றார் டீச்சர். நடக்கும்தான். ஆனால் டீச்சர் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு சுறுசுறுப்பாகக் காரணம் தேடியதில், தேடுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

வேலைக்குச் சேர வேண்டிய வாரத்துக்கு முந்தின வாரம் கூட்டாளி ஃபோன் பண்ணினார். லிஃப்ட்காரரோடு பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவர், டீச்சரை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணி, அண்ணன் திங்கக்கிழமை வந்துருவாரில்ல? பன்னெண்டு மாடி, கயிறு பூரா மாத்தணும். மேல மோட்டார் ரூம்ல அவர் இருந்தாத்தான் எனக்குக் கீழ லிஃப்ட் பள்ளத்துல இறங்கவே தைரியம் வரும்."

"வராம? இருபத்தெட்டு வாங்கியிருக்காருப்பா!"

வியாழக்கிழமை வாசல் காலிங்பெல் செத்துப்போனது. வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக லிஃப்ட்காரரின் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. "நான் பாக்கறேன்," என்று கருவிப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். லிஃப்ட்காரர் ஒரு பல்பு மாற்றுவதாக இருந்தாலும் வீட்டு மெயினையே இறக்கிவிடுவார். அதோடு விட மாட்டார். மெயின் பெட்டிக்குக் குட்டியாக ஒரு பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைப்பார். "மெயினை இறக்கு. பூட்டு. சாவி பாக்கெட்ல. டெஸ்டர். அப்புறம்தான் கை." லிஃப்ட் வேலையில் இதில் ஒரு படி தவறினால் கீழே இருக்கிறவன் மேலே போய்விடுவான், லிஃப்டில் இல்லை. தெரு மொத்தமும் இதைக் கிண்டலடிக்கும். டியூஷன் பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். ஃபேன் நிற்கும், லைட் போகும், "ஓ" என்று ஒரே கூச்சல், பத்து நிமிஷம் படிப்பு கிடையாது.

அன்று சாயங்கால பேட்சில் பதினோரு பிள்ளைகள். டீச்சர் பலகையில் முக்கோணம் வரைந்துகொண்டிருந்தார். வாசலில் ஸ்க்ரூ டிரைவர் சுற்றும் சத்தம் கேட்டது. கோடு இழுத்தார், கோணம் குறித்தார். என்னமோ சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை. பிள்ளைகள் அமைதியாக எழுதிக்கொண்டிருந்தார்கள். சாக்பீஸ் தூள் காற்றில் பறந்து அவர் சேலையில் விழுந்தது.

காற்றில்.

நிமிர்ந்து பார்த்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

பலகையை விட்டு அவர் ஓடிய ஓட்டத்தைப் பற்றிப் பிள்ளைகள் ஒரு வாரம் பேசினார்கள். கணவரிடம் ஓடவில்லை, நேரே மெயின் பெட்டிக்கு ஓடி ஒரே இறக்காக இறக்கினார். "ஓ" என்று கூச்சல் எழுந்தது. டீச்சர் வாசலுக்கு வந்தார். சுவிட்ச் பெட்டியின் மூடி கீழே கிடந்தது. லிஃப்ட்காரர் வெறும் விரலால் ஒயரைப் பிடிக்கப் போனவர், அப்படியே கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"ஏங்க! மெயினை இறக்கலையே!"

"இறக்கினேனே. இறக்கிட்டுத்தானே வந்தேன்?"

"இப்ப நான்தாங்க இறக்கினேன்."

அவர் கை சட்டைப் பாக்கெட்டுக்குப் போயிற்று. சாவி இல்லை. கால்சட்டைப் பாக்கெட்டுக்குப் போயிற்று. அங்கேயும் இல்லை. மறுபடி சட்டைப் பாக்கெட். மூன்றாவது தடவை தேடும்போது அவர் முகம் போன போக்கை டீச்சரால் பார்க்க முடியவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாரும் வீட்டுக்குப் போங்க," என்றார். முப்பது வருஷத்தில் பாஸ் டீச்சர் மணி ஆவதற்கு முன் வகுப்பை விட்டது அன்றுதான். தெருவுக்கு அதுவே பெரிய செய்தி. மாடி வீட்டம்மா படியிறங்கி வருவதற்குள் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

உள்ளே லிஃப்ட்காரர் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கருவிப் பையைக் கொட்டிப் பரப்பியிருந்தார். ஒவ்வொரு கருவிக்கும் பையில் ஓர் அறை உண்டு. எது எங்கே போகும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"அந்த எலுமிச்சைக்காரனை இப்பக் கேட்டாலும் சொல்வேன். ஆனா ஒரு வேலையை எடுத்தா நடுவுல ஒரு படி காணாமப் போயிடுது. செஞ்ச மாதிரியே இருக்கு. செய்யல." ஒரு குறடைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஆஸ்பத்திரியிலேயே தெரியும்."

"அட பாவி மனுஷா, தெரிஞ்சா சொல்றதுக்கென்ன?"

"நீ தெரு பூரா இருபத்தெட்டு இருபத்தெட்டுன்னு சொல்லிட்டு வந்தே. எப்படிச் சொல்றது?"

அவர் ஒரே மூச்சில் இத்தனை பேசி டீச்சர் கேட்டதில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். திங்கட்கிழமை பன்னிரண்டாவது மாடியில் இந்த மனுஷன் நிற்பார், கீழே பள்ளத்தில் அந்தக் கூட்டாளி நிற்பார். கம்பெனிக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியாது. அந்த இருபத்தெட்டு யாருடைய மார்க் என்பது உலகத்திலேயே இந்த ரெண்டு பெஞ்சுக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலை டீச்சர் ஆஸ்பத்திரி வராந்தாவில் தெரபிஸ்ட் பொண்ணைப் பிடித்தார். பக்கத்தில் லிஃப்ட்காரர், வாரிய தலையோடு, பள்ளிக்கூடத்துக்கு அம்மாவைக் கூட்டிவந்த பிள்ளை மாதிரி. இங்கே குற்றவாளி அம்மாதான்.

"ஏம்மா, அந்த இருபத்தெட்டு இருக்கு பாரு, அது அவர் மார்க் இல்லை."

"அப்புறம்?"

"என் மார்க்."

பொண்ணுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "தாளை நான் கையை விட்டுக் கீழ வைக்கவே இல்லையேம்மா?"

"தலைகீழா படிப்பேன்."

தன் பிள்ளைகளில் ஒன்று இப்படி ஒப்புக்கொண்டிருந்தால் டீச்சர் என்ன செய்திருப்பார் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதையே எதிர்பார்த்து நின்றார். பொண்ணு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "இதே மாதிரி மூணு தாள் இருக்கும்மா. வேற வார்த்தை, வேற படம். ரெண்டாவது தடவை வர்றப்ப நான் தாளை மாத்தியிருக்கணும். கைல இருந்ததையே எடுத்துட்டு வந்துட்டேன். என் தப்பும் இருக்கு." பிறகு லிஃப்ட்காரரைப் பார்த்தாள். "உள்ள வாங்க சார். நீங்க வெளியில இருங்கம்மா. அந்தக் கடைசி நாற்காலில. கதவுக்கு முதுகைக் காட்டி."

டீச்சர் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சுவரில் கை கழுவும் முறை பற்றி ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதை நாற்பது தடவை படித்தார்.

பத்தொன்பது.

"அப்ப ஃபெயிலு," என்றார் டீச்சர், கதவைத் தாண்டி வந்ததும்.

பொண்ணு அதைக் காதில் வாங்காமல் லிஃப்ட்காரரிடம் கேட்டாள். "சார், லிஃப்ட் கயிறை எப்ப மாத்துவீங்க? அறுந்த பிறகா?"

"அறுந்த பிறகு எதுக்கு மாத்தறது? நாலு இழை நைஞ்சிருந்தாலே குறிச்சுக்குவோம். எந்தக் கயிறு எப்பப் போகும்னு பாத்தாலே தெரியும்."

"அதைத்தான் நானும் பாத்தேன். ஞாபகம் பரவாயில்லை. வேலையை வரிசையாச் செய்யறதுலதான் நைஞ்சிருக்கு. அப்படியே விட்டிருந்தா இது வளர்ந்திருக்கும், இல்லேன்னா ஒரு விபத்து நடந்த பிறகு தெரிஞ்சிருக்கும். இப்பவே தெரிஞ்சது நல்லது. ரெண்டு வாரம் போச்சு, அவ்வளவுதான். பிடிச்சுரலாம்."

"திரும்ப வருமா?" என்று கேட்டது லிஃப்ட்காரர்.

"பூரா வரும்னு சொல்ல மாட்டேன் சார். நிறைய வரும். வராததுக்கு வேற வழி வெச்சுக்கலாம்."

லிஃப்ட்காரர் தலையாட்டினார். பொய் சொல்லாத ஆளைக் கண்டால் அவருக்குப் பிடிக்கும். டாக்டர் பழைய கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு கடிதம் எழுதினார்: கட்டடங்களுக்குப் போகக் கூடாது, உட்கார்ந்த இடத்தில் வேலை தரலாம்.

டீச்சர் கூட்டாளிக்கு ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னார். "அண்ணி," என்றார் அவர், "திங்கக்கிழமை நான்தானே பள்ளத்துல இருந்திருப்பேன்?" டீச்சர் ஆமாம் என்றார். "நல்லவேளை சொன்னீங்க. அண்ணன்கிட்ட சொல்லுங்க, கதவு மோட்டாரெல்லாம் குவிஞ்சு கிடக்கு. மேஜையில உக்காந்து ரிப்பேர் பண்ணட்டும். நான் கம்பெனில பேசறேன்."

தெருவிடம் சொல்வதுதான் பாக்கி. டீச்சர் அதையும் செய்தார். இருபத்தெட்டைச் சொன்ன அதே வாசலில், அதே குரலில். "பத்தொன்பதுதான். முன்னாடி சொன்னது நான் சொல்லிக் குடுத்து வாங்கினது." மாடி வீட்டம்மாவுக்குக் கிண்டலடிக்க எத்தனையோ இடமிருந்தது. தெருவே காத்திருந்தது. ஆனால் அவர் ரெண்டு படி இறங்கி வந்து மெதுவான குரலில் கேட்டார்: "டீச்சர், எங்க வீட்டுக்காரருக்குப் போன வருஷம் லேசா வந்து போச்சே, அவரையும் அந்தப் பொண்ணுகிட்ட காட்டலாமா? கேஸை அணைக்காம வெளியில போயிடறார். நான் கொழுப்புன்னு நினைச்சேன்." அதற்கடுத்த வாரத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் ரெண்டு வீட்டுக்காரர்களும் ஒரே வண்டியில் போனார்கள். மாடி வீட்டுக்காரர் போகும்போதும் வரும்போதும் பேசிக்கொண்டே இருப்பார். லிஃப்ட்காரருக்கு அதுவே தனிப் பயிற்சி.

மூன்று மாதம் என்பது சொல்ல லேசு. வெங்காயம் நறுக்குவதிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒரு வேலையை எடுத்தால் அதைப் படிபடியாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும், செய்ததும் சட்டைப்பையில் இருக்கும், படிகள் எழுதிய அட்டையில் விரல் வைத்து நகர்த்த வேண்டும். தப்பினால் யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, அவராகவே பின்னால் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். டீச்சருக்குப் போட்ட உத்தரவு இது ஒன்றுதான், இதுதான் அவருக்கு முடியாததும். லிஃப்ட்காரர் உப்பை மறந்து நின்றால் டீச்சரின் உதடு தானாக "உ" என்று குவியும். பொண்ணு முறைப்பாள். கடைசியில் பயிற்சி நேரத்தில் டீச்சரை வராந்தாவுக்கே அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் லிஃப்ட்காரர் டீயில் தூளை ரெண்டு தடவை போட்டுக் கருங்காப்பி மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு நாள் கோபத்தில் அட்டையைக் கிழித்துப் போட்டார். மறுநாள் அவரே உட்கார்ந்து, முன்னைவிட அழகான கையெழுத்தில் புதிதாக எழுதிக்கொண்டார்.

மூன்றாம் மாத முடிவில் மூன்றாவது தாள். இருபத்துநாலு.

"இன்னும் ரெண்டுதான்," என்றார் டீச்சர். பழக்கதோஷம். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தனியாப் போகக் கூடாது," என்றாள் பொண்ணு. "கூட ஒருத்தர் இருந்தா, சின்ன வேலைக்குக் கட்டடத்துக்குப் போகலாம். கூட இருக்கறவர் வாயைத் திறக்காம பாத்துக்கணும். நிஜமாவே தப்பா கை போனா மட்டும் தடுக்கணும்."

முதல் வேலை பக்கத்துத் தெருவில், நாலு மாடிக் கட்டடம். கதவு சரியாக மூடவில்லையாம். டீச்சருக்கு அன்று காலையில் அந்தப் பக்கமாக அவசரமாக ஒரு வேலை வந்தது. என்ன வேலை என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கட்டடத்தின் கீழ்க்கூடத்தில் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், யாருடைய பெயரையோ தேடுகிறவர் போல நின்றுகொண்டார்.

லிஃப்ட்காரர் மெயின் பெட்டியின் முன்னால் நின்றார். ரெண்டடி தள்ளிக் கூட்டாளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு. டீச்சரைப் பார்த்துவிட்டார், பார்க்காத மாதிரி இருந்தார்.

"மெயினை இறக்கு," என்று லிஃப்ட்காரர் வாய்விட்டுச் சொன்னார். இறக்கினார். "பூட்டு." பூட்டினார். "சாவி பாக்கெட்ல." போட்டார். பாக்கெட்டை வெளியிலிருந்து தட்டிப் பார்த்துக்கொண்டார்.

லிஃப்ட் கதவுப் பக்கம் திரும்பினார். கை மேலே போயிற்று. பாதியில் நின்றது.

ரெண்டு பெரிய பைகளோடு ஒரு அம்மா வந்து, "இன்னும் எவ்வளவு நேரம்ப்பா? நான் நாலாவது மாடி," என்றார். கூட்டாளியின் கை பின்னாலிருந்து முன்னால் வந்து தயாராக நின்றது. டீச்சருக்குப் பதில் தெரியும். நாக்கு நுனியில் இருக்கிறது, நாலே எழுத்து, சொன்னால் ஒரு நொடியில் முடிந்துவிடும். தபால் பெட்டியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். தன் வாயையே பொத்திக்கொண்டார்.

லிஃப்ட்காரர் திரும்பவில்லை. கதவைப் பார்த்தபடியே சொன்னார்:

"சொல்லிடாதே. வந்துக்கிட்டிருக்கு."

ரொம்ப நேரமாயிற்று. உண்மையில் பத்து விநாடி இருக்கும். அவர் கை கீழே இறங்கியது. இடுப்புப் பைக்குப் போயிற்று. அதில் துழாவி டெஸ்டரை எடுத்தது. அதற்குப் பிறகுதான் சட்டைப்பை அட்டையை எடுத்து, விரல் வைத்து, சரிபார்த்துக்கொண்டார். டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. கரண்ட் இல்லை.

"அப்புறம்தான் கை," என்றார்.

கூட்டாளி தன் கையை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டார். பைக்காரம்மா, "ஏம்மா, இவங்க எப்பவுமே இப்படித்தான் மெதுவாவா?" என்று டீச்சரிடம் கேட்டார்.

"இல்லை," என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இப்பத்தான். இன்னைக்கு லிஃப்ட் லேட்டாகும். பையைக் குடுங்க, படியேறலாம்."

ஒரு பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினார். முன்பின் தெரியாத அம்மாதான். ஆனால் மூன்றாவது மாடி போய்ச் சேருவதற்குள், ஷூ லேஸ் முதல் இருபத்துநாலு வரை அத்தனையும் அந்த அம்மாவுக்கு ஒப்பித்தாகிவிட்டது.